றூபனின் வான் நில்லாமல் போன வரலாறு

2022ஆம் ஆண்டு மாசி மாதம் எட்டாந் திகதி, செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலே காலுக்கு, தென்கிழக்கு லண்டனில் றூபனுடைய வெள்ளை வான் நிற்காமல் போனது. பிரேக்கை மிதித்தான், கைப்பிரேக்கை இழுத்தான், எஞ்சினை அணைத்துத் திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். வான் மனிதர் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. இறக்கம் இல்லை, பின்னால் தள்ளுகிற காற்றும் இல்லை. அன்று காலையில் இருந்து உள்ளூர்க் கவுன்சில்காரர் அவனை ஐந்து தெருக்களிலிருந்து எழுப்பியிருந்தார்கள். ஆறாவது தெருவில், இனி எங்கே நிற்பது என்று வானுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். சிவப்பு விளக்குக்குக் கிட்டப் போனால் அது பச்சையாக மாறியது. பிறகு வீதிப் பகுதிக்காரர் வந்து விளக்குகளைச் சோதித்து, பிழை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டீசல் முள் அன்று காட்டிய காற்பங்கைத்தான் இன்றும் காட்டுகிறது. ஒரு மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, பால் வாங்கலாம் என்று றூபன் கதவைத் திறந்து குதித்தான். குதித்த காலும் நிலத்தில் தரிக்கவில்லை. அது நடந்தது. கடைக்குள் நடந்து, பால் போத்தலை எடுத்து, கல்லாவில் காசை வைத்து, மற்ற வாசலால் வெளியே வந்து, வானைப் பிடித்து ஏறினான். மிச்சக் காசு வாங்க முடியவில்லை.

இது ஏன் நடந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். சனி மாற்றம் என்பாரும் உண்டு. நமக்குத் தெரிந்தவரை இதன் தொடக்கம், அதற்கு முந்தின வருசம் சித்திரையில் ஒரே பேனையால் போடப்பட்ட ஐந்து கையெழுத்துகள். போட்டவர் அம்பலவாணன், றூபனுடைய அக்கா சிவனேஸ்வரியின் கணவர். இருபத்தொன்பது வருசம் சிவப்பு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிவனேஸ்வரி இருபத்திரண்டு வருசம் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நின்றவள். ஒரு பூங்காவுக்கு எதிரே சொந்த வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் கரையேறிவிட்டன. எந்தக் கவுன்சிலுக்குள் அந்த வீடு என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கடிதம் போடுவார்கள், பதில் எழுதிக்கொண்டிருக்க நமக்கு நேரம் கிடையாது.

ஓய்வு பெற்ற கையோடு அம்பலவாணன் ஒரு கேம்பர் வாங்கினார். இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, தொட்டி, சின்னக் கழிப்பறை, எல்லாம் உள்ள வாகனம். முன்பு ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வைத்திருந்தது. கோயிலுக்குக் கொண்டுபோய் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து நசித்து, ஐயரிடம் திருநீறு பூசுவித்து, வீட்டு வாசலில் விட்டார். "இருபத்தொன்பது வரியம் மற்றவன் மணி அடிச்ச இடத்தில நிப்பாட்டினனான்," என்று வருகிற போகிறவருக்கெல்லாம் சொன்னார். "இனி நான் விரும்பின இடத்தில நிப்பாட்டுவன்." ஸ்கொட்லாந்தின் தலைமாடு வரை கரையோரமாகப் போவதாகத் திட்டம். சிவனேஸ்வரி சட்டி பானையெல்லாம் அடுக்கிவிட்டாள். அவளுக்கு ஸ்கொட்லாந்து பற்றிப் பெரிய ஆசை இல்லை. ஆனால் மனுசன் சிரித்துக்கொண்டு திரிகிறதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அந்தக் காலத்தில் பூங்கா ஓரத்துத் தெருவில் நாலைந்து பழைய வான்கள் நின்றன. வீட்டு வாடகைக்கு வழியில்லாத ஆட்கள் அதற்குள் குடியிருந்தார்கள். யன்னலுக்கு மட்டை, கதவுக்குப் பூட்டு, மதிலோரம் தண்ணீர்ப் போத்தல்கள். தெருச்சனத்துக்கு அது பெரிய அரியண்டமாக இருந்தது. சிவனேஸ்வரியும் சந்தைக்குப் போகும்போது அந்தப் பக்கம் வந்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு எட்டி நடப்பாள். வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, ஒரு மேசையில் தாள் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தெருவில் படுக்கை வைத்த வாகனங்களைத் தடை செய்யச் சொல்லிக் கவுன்சிலுக்கு மனு. அம்பலவாணன் தலைப்பை வாசித்தார், மிச்சத்தை வாசிக்கவில்லை. பின்னால் நின்றவர் சோறு முடியப்போகுது என்று அவசரப்படுத்தினார்.

இங்கே ஈழத்திலிருந்து வந்த எங்கள் சனத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். திருப்பி அனுப்பாதே என்று மனு, சண்டையை நிறுத்து என்று மனு, காணாமல் போனவர்களைத் தேடு என்று மனு. முப்பது வருசமாக மனுவில் சீவித்த சனம் இது. ஆள் தொகை காட்டினால்தான் வெள்ளைக்காரன் திரும்பிப் பார்ப்பான் என்று, ஒருவர் கையெழுத்து வைத்தால் குடும்பம் முழுக்க வைப்பதுதான் முறை. இரண்டாயிரத்தொன்பதில் அம்பலவாணன் ஒரே மூச்சில் பதினொரு பேருக்கு வைத்தார். அதில் ஒருவர் அப்போது ஒஸ்ரேலியாவில். அதே கைப்பழக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமையும் தன் பெயரை எழுதினார், மனைவி பெயரை எழுதினார், இரண்டு மகள்மார் பெயரையும் எழுதினார், இடம் மிச்சம் கிடந்தபடியால் மச்சான் றூபனின் பெயரையும் எழுதினார். பிறகு போய் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

பூங்கா ஓரத்தில் நின்ற கடைசி வான் றூபனுடையது. அது ஒருவருக்கும் தெரியாது. அவன் தென் லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தான். முதலில் கடை போனது, பிறகு மனைவி போனாள், கடைசியில் வீடும் போனது. அக்காவுக்கு லெஸ்டரில் வேலை கிடைத்திருக்கிறது, நைட் ஷிப்ட், அடிக்கடி வர ஏலாது என்று சொல்லிவிட்டான். வெட்கம் பொல்லாதது, பசியைவிட அதுதான் ஆளைத் தின்னும். லண்டன் முழுக்கத் தெரு இருக்க, அக்கா வீட்டில் இருந்து இருநூறு யார் தள்ளி வந்து நின்றான். அதற்குக் காரணம் கேட்டால் பூங்காவில் தண்ணீர்க் குழாய் இருந்தது என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் வானுக்குள் இருந்தபடியே அக்காவுக்குப் போன் எடுப்பான். "லெஸ்டரில நல்ல மழை அக்கா." "இஞ்சையும் ஊத்துது தம்பி." இரண்டு பேரும் ஒரே மழையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்கள். கிழமை நாட்களில் அவள் சந்தைப் பையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை, மட்டையின் ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. படுக்கை உள்ள எந்த வாகனமும் பொதுத் தெருவில் பத்து நிமிசத்துக்கு மேல் தரித்து நிற்கக் கூடாது, மீறினால் அபராதம். மற்ற வான்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன, சிலதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். றூபன் தெருவுக்குத் தெரு மாறி நின்றான். நாலு மாதத்தில் நாற்பத்து மூன்று நோட்டீஸ். நாற்பத்து மூன்றாவதுக்குப் பிறகுதான் வான் நில்லாமல் போனது. அதற்கப்புறம் அவனுக்கு ஒரு நோட்டீசும் வரவில்லை. தெருத் தரிப்புக் கண்காணிப்பாளர் வந்து கூட நடந்து பார்த்தார். பத்து நிமிசம் தரித்து நின்றால் தானே எழுதலாம்? சட்டம் முழுதாக நிறைவேறியிருந்தது. அவர் றூபனுக்குக் கைகாட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

உத்தரவு வந்த மூன்றாம் நாள் அம்பலவாணனின் கேம்பரிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, சொந்த வீட்டு வாசலில். மனுசன் வீட்டு உறுதி, வரி கட்டின துண்டு, பஸ் கொம்பனி தந்த நற்சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கவுன்சிலுக்குப் போனார். கவுண்டரில் இருந்தது ஜதுர்ஷிகா என்கிற எங்கள் பிள்ளைதான். "பிள்ளை, நாங்கள் வீடில்லாத ஆக்களோ? நாங்கள் ஊர் சுத்திப் பாக்கிற ஆக்கள்," என்றார். அவள் பாவப்பட்டுத்தான் சொன்னாள்: "அங்கிள், இந்தத் தடை ஓடர் ஆளைப் பாக்காது. உள்ளுக்குப் பெட் இருக்கோ எண்டு மட்டும்தான் பாக்கும்." பெட்டைக் கழற்றினால் அது கேம்பர் இல்லை. கழற்றாவிட்டால் நிற்க ஏலாது. அம்பலவாணன் வீட்டுக்கு வந்து ஸ்கொட்லாந்து வரைபடத்தை விரித்து வைத்து அதற்கு முன்னால் வெகுநேரம் இருந்தார்.

அடுத்த கவுன்சில் இதைப் பார்த்துத் தானும் போட்டது, அதற்கடுத்ததும் போட்டது, கடற்கரைப் பட்டினங்களும் போட்டன. ஹொலண்டில் இருந்து கப்பலில் கேம்பர் கொண்டுவந்த ஒரு சோடியை ஒரே நாளில் ஏழு இடத்தில் எழுப்பினார்கள். பிரித்தானியா மிக அழகான நாடு, ஆனால் நின்று பார்க்கக் கிடைக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். தெருவில் படுக்கிறவனை எழுப்பப் போட்ட சட்டம், காற்று வாங்கப் போனவனையும் சேர்த்து எழுப்பியது. காசு கட்டிக் கேம்பிங் இடத்துக்குப் போகலாம்தான். அங்கே மூன்று மாதத்துக்கு முன் பதிய வேண்டும், பதிந்தவர்களே வாசலில் வரிசையாக நின்றார்கள். கேம்பர் வீட்டுக்குப் பின்னால், சிவனேஸ்வரி கீரை போடுகிற இடத்தில் போய் நின்றது.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, லூயிஷாம் சந்தையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி நிமிர்ந்தபோது, ஒரு வெள்ளை வான் நடை வேகத்தில் போனது. யன்னலில் அவளுடைய தம்பி. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஆனால் தம்பிதான். கத்தரிக்காயைப் போட்டுவிட்டு ஓடிப்போய் யன்னலில் அடித்தாள்.

"டேய் றூபன்! நீ லெஸ்டரில எல்லோடா?"

"இல்லை அக்கா."

"வானை நிப்பாட்டு!"

"நிக்காது அக்கா. நிண்டால் நிப்பாட்டியிருப்பன் தானே."

அவள் கூடவே நடந்தாள். மூன்று மைல் நடந்தாள், அறுபத்திரண்டு வயதில், முழங்கால் நோவோடு. நடக்க நடக்க அவன் எல்லாவற்றையும் சொன்னான், பூங்கா ஓரத்தில் நின்றதையும் சொன்னான். அந்த இடம் வந்தபோது அவள் அழத் தொடங்கினாள். என்ர வாசல்ல கிடந்திருக்கிறான், என்ர வாசல்ல கிடந்திருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அன்று முதல் அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது: தம்பியை ஒரு இடத்தில் இருத்த வேண்டும். அவளுடைய வீட்டில், முன்னறையில், ஒரு கட்டிலில். மகள்மாரும் ஸ்கொட்லாந்தும் கீரையும் அதற்குப் பிறகுதான்.

அடுத்த கிழமை றூபன் வீட்டுக்கு வந்தான். வானைத் தெருவில் ஓடவிட்டு, முன்வாசலால் நடந்து வந்தான். சோறும் கறியும் மேசையில் இருந்தன. அம்பலவாணன் நாற்காலியை இழுத்து வைத்து, தோளைப் பிடித்து அழுத்தி இருத்தப் பார்த்தார். நாற்காலியும் அவனோடு சேர்ந்து நகர்ந்தது. மேசையை ஒருமுறை சுற்றினான். சிவனேஸ்வரி கோப்பையோடு பின்னால் நடந்து இரண்டு வாய் ஊட்டினாள், மூன்றாவது வாய்க்கு அவன் சமையலறைக் கதவைத் தாண்டிவிட்டான். தனக்காக அவள் தட்டிப் போட்டு வைத்திருந்த கட்டிலைப் போகிற போக்கில் ஒருமுறை கையால் தொட்டான். பின்வாசலால் இறங்கி, கேம்பருக்குப் பக்கத்தால் போய், வேலி ஏறிக் குதித்து, அயல்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, வானைப் பிடித்தான். எல்லாம் நாலு நிமிசம். சிவனேஸ்வரி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வேலியடியில் நின்றாள்.

டொக்டர் வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காரர், அந்தப் பகுதியில் எங்கள் சனத்துக்கெல்லாம் அவர்தான் வைத்தியம். அவர் ஒரு மைல் கூட நடந்து நாடி பிடித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "ஆமாங்க, எல்லாம் நார்மலாத்தான் இருக்கு," என்றார் மூச்சு வாங்க. "நல்லா ஓய்வு எடுக்கச் சொல்லி எழுதித் தர்றேன்." எழுதியும் தந்தார். வானுக்கு வருசப் பரிசோதனை வந்தபோது, மெக்கானிக் சஞ்சயன் சில்லு வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, வானுக்கு அடியில் உருண்டபடியே செய்து முடித்தான். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது. கோயிலில் ஒரு நேர்த்தி, வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு ஒரு நேர்த்தி. அம்மன் தேர் அந்த வருசம் ஒழுங்காகத் தன் இருப்பிடத்துக்கு வந்து நின்றது, வான் நிற்கவில்லை.

அப்போதுதான் சிவனேஸ்வரி கேம்பரை வெளியே எடுக்கச் சொன்னாள். வான் எப்போது எந்தத் தெருவில் போகும் என்று சொல்ல ஏலாது; வீட்டில் இருந்துகொண்டு அவனைப் பிடிக்க முடியாது. கேம்பரில் அடுப்பு இருந்தது, படுக்கை இருந்தது. கீரைப் பாத்தியை மிதித்துக்கொண்டு கேம்பர் தெருவுக்கு வந்தது. ஒன்றரை வருசம் அவர்கள் தென் லண்டனைச் சுற்றினார்கள். அவனிடம் போனில் கேட்டு, வான் வரப்போகிற தெருவில் முன்னால் போய் நிற்பார்கள். ரொட்டி சுட்டு, கறியை வைத்துச் சுருட்டி, அவன் போகும்போது யன்னலால் கொடுப்பாள். கையில் பிடித்துச் சாப்பிடக்கூடியது அதுதான். அவன் வாங்குவான், இது வேண்டும் அது வேண்டும் என்று ஒருநாளும் கேட்கமாட்டான். ஒவ்வொரு தரிப்புக்கும் கண்காணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். அம்பலவாணன் தொடக்கத்தில் வீட்டு உறுதியைக் காட்டினார். பிறகு காட்டுவதை விட்டுவிட்டார். நோட்டீஸ்களைக் டாஷ்போர்ட் பெட்டிக்குள் அடுக்கினார், அது நிறைந்ததும் சீனிப் போத்தலுக்குப் பின்னால் அடுக்கினார்.

2023 கார்த்திகையில் ஒரு நாள், தம்பியின் வானைக் கூட்டித் துடைத்து விடுவோம் என்று சிவனேஸ்வரி அதற்குள் ஏறினாள். கண்ணாடிக்கு மேலே வெயில் மறைப்புப் பலகையைத் துடைக்க இறக்கியபோது, ஒரு தாள் மடியில் விழுந்தது. நாற்பத்து மூன்றாவது நோட்டீஸ். ஆதாரத்துக்கென்று மனுவின் ஒரு பக்கத்தை அதோடு இணைத்திருந்தார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது மழையில் ஊறி எல்லாப் பெயர்களும் கரைந்துபோயிருந்தன. இரண்டு பெயர்களை மட்டும் மழை தொடவில்லை. ஒன்று சிவனேஸ்வரி அம்பலவாணன். அதற்குக் கீழே மூன்றாவது வரியில், றூபன்.

அவள் தாளை அவனுக்கு முன்னால் நீட்டினாள். "தம்பி, இது நான் போடேல்லையடா."

"தெரியும் அக்கா. அத்தான்ர கை. என்ர பேரும் கிடக்குது பாருங்கோ." அவன் வீதியைப் பார்த்தபடி சிரித்தான். "என்னை எழுப்பச் சொல்லி நானும் தான் கேட்டிருக்கிறன்."

"ஏன்டா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன? மிச்சத்தில கடை வைச்சிருக்கேக்க என்ர வாசல்லயும் ஒரு வான் நிண்டது. ஒரு போலந்துக்காரன். யாவாரம் கெடுது எண்டு கவுன்சிலுக்குப் போன் அடிச்சது நான்தான். ரெண்டு தரம் அடிச்சனான்." பிறகு கேட்டான்: "அத்தான் போடாம, தாளை உங்களிட்ட நீட்டியிருந்தா, நீங்கள் போட்டிருப்பியளோ அக்கா?"

அவன் கோபத்தில் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பது மாதிரித்தான் கேட்டான்.  இல்லை என்று சொல்லியிருந்தால் பொய். அவள் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

அன்று அவள் கணவரோடு பிடித்த சண்டை கேம்பரே ஆடுகிற சண்டை. "என்ர பேரைப் போட ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"முப்பது வரியமா நான்தானே போடுறன்? நீர் ஒருநாளும் என்னத்துக்கு எண்டு கேக்கேல்லையே!" என்றார் அம்பலவாணன். சொன்ன பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சோற்று வரிசையில் நின்று ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை எழுதிவிட்டேன் என்று அழுதார். மனுசன் கெட்டவர் இல்லை, நாம் அறிவோம். வாசிக்காமல் கையெழுத்து வைப்பவர்களில் கெட்டவர்கள் குறைவு.

அடுத்த திங்கள் அவள் கவுன்சிலுக்குப் போய்த் தன் பெயரை எடுக்கச் சொன்னாள். ஜதுர்ஷிகா ஒரு படிவத்தை நீட்டினாள். "அன்ரி, உங்கட பேரை எடுக்கலாம். ஓடரை எடுக்கேலாது." லண்டனுக்கு வந்த பிறகு சிவனேஸ்வரி மனு விசயத்தில் தன் கையால் வைத்த முதல் கையெழுத்து அதுதான். பெயர் போனது. தம்பி கேட்ட கேள்வி போகவில்லை. ரொட்டி சுடும்போதும் வந்தது, தேத்தண்ணி ஆற்றும்போதும் வந்தது. அதற்குப் பிறகு ரொட்டி கொடுக்கும்போது அவன் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை.

2024 தை மாதம், பொங்கல் கழிந்த வியாழக்கிழமை காலை, அறுபத்தொன்றாவது நோட்டீஸ் கிடைத்த இடத்தில் இருந்து கேம்பரை எடுத்துக்கொண்டு போய், அம்பலவாணன் ஒரு பள்ளிக்கூட மதிலோரம் பிரேக் பிடித்தார். கேம்பர் நிற்கவில்லை. அவர் இருபத்தொன்பது வருசம் பஸ் ஓட்டியவர், பிரேக்கின் குணம் காலில் தெரிந்தவர். ஒருமுறைதான் மிதித்தார். பிறகு காலை எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"இஞ்சேரும். பிடிக்குதில்லை."

"விடுங்கோ," என்றாள் சிவனேஸ்வரி. "போகட்டும்."

இரண்டு வாகனமும் ஒரே வேகம். றூபனின் வான் அரை மைல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் போகிறவர்களால் எந்தக் காலத்திலும் அதைப் பிடிக்க முடியாது. செய்தி கேட்ட றூபன் கட்ஃபோர்டுக்குக் கிட்ட ஒரு சுற்றுவட்டத்தை இரண்டு முறை, மூன்று முறை, பதினொரு முறை சுற்றினான். பன்னிரண்டாவது சுற்றில் கேம்பர் வந்தது. அவன் பக்கத்தில் சேர்ந்துகொண்டான். பின்னால் வந்த கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், வையக் கூடாத வார்த்தையெல்லாம் வைதார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

வீடு அப்படியே இருக்கிறது. வரி கட்டப்படுகிறது, உறுதியில் பெயர் இருக்கிறது, முன்னறையில் விரிப்பு விரித்த கட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் புருசனும் பெண்சாதியும் முன்வாசலால் நடந்து வந்து, சாமி அறையில் போகிற போக்கில் விளக்கைக் கொளுத்தி, கடிதங்களை எடுத்துக்கொண்டு, பின்வாசலால் நடந்து போவார்கள். வேலியைக் கழற்றி அயல்வீட்டுக்காரர் ஒரு படலை போட்டுக் கொடுத்திருக்கிறார். மூத்த மகள் பிரசாந்தினி தொடக்கத்தில் வக்கீலிடம் ஓடினாள், பத்திரிகைக்கு எழுதினாள், ஒருமுறை கேம்பருக்கு முன்னால் வீதியில் குந்தியும் பார்த்தாள்; கேம்பர் மெல்ல அவளைச் சுற்றிக்கொண்டு போனது. இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட நடக்கிறாள். பேத்தி அம்மம்மாவின் கேம்பரைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள். தேங்காய், மரக்கறி, சோப்பு என்று வழியில் உள்ள கடைக்காரர் பையைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். பஸ் தரிப்பில் நிற்கிற கிழவிகள், றூபன் போய்விட்டானோ இன்னும் இல்லையோ என்று பார்த்து நேரம் மட்டுக்கட்டுகிறார்கள். கவுன்சிலின் வருடாந்த அறிக்கையில் அந்தப் பகுதியில் தெருத் தரிப்பு முறைப்பாடு பூச்சியம் என்று எழுதி, ஒரு பூங்கொத்துப் படமும் போட்டிருந்தார்கள்.

வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை முற்பகல். நல்ல வெயில். இரண்டு வாகனங்களும் ஃபொரெஸ்ட் ஹில் ஏற்றத்தில் பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தன, யன்னலுக்கு யன்னல் ஒரு முழ இடைவெளி. சிவனேஸ்வரி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்திக் கத்தியைக் கீழே வைத்தாள். ஆறு மாதமாகப் பார்க்காத முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம் தம்பி," என்றாள். "தாளை நீட்டியிருந்தா நான் போட்டிருப்பன். நீ உள்ளுக்குக் கிடந்து பாத்துக்கொண்டிருந்தனி, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனனான். கேட்ட உடன போட்டிருப்பன்டா."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. வெங்காயத்துக்கு வந்த கண்ணீர் முன்பே வந்து காய்ந்திருந்தது. அம்பலவாணன் சும்மா பிடித்திருந்த ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  ஏற்றம் முடிந்தது, இறக்கம் தொடங்கியது. ஒரு பஸ் தரிப்பு கடந்தது, இன்னொன்று கடந்தது. மூன்றாவது தரிப்பில் ஒரு ஆள் போனைப் பார்த்தபடி தலை நிமிராமல் அவனுக்குக் கைகாட்டினான், றூபனும் காட்டினான்.

"அக்கா," என்றான் பிறகு, முன்னால் பார்த்தபடியே. "நாளைக்குப் புட்டு அவிக்கேலுமோ? ரொட்டி திண்டு திண்டு வாய் சப்பெண்டு கிடக்குது."

"ஏலும்," என்றாள் சிவனேஸ்வரி.  "ஏன் ஏலாது? அவிக்கிறன்."

மறுநாள் காலை கேம்பரின் யன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. அவள் புட்டும் சம்பலும் ஒரு கோப்பையில் போட்டு, மேலே ஒரு வாழைப்பழத்தையும் வைத்து, ஒரு முழ இடைவெளிக்கு மேலால் நீட்டினாள். றூபன் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துப் பிசைந்து சாப்பிட்டான். வாகனங்கள் கட்ஃபோர்டைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. சாப்பிட்டு முடித்து வெறும் கோப்பையைத் திரும்ப நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.